எலக்ட்ரான் அமைப்பைப் பார்த்துத் தனிமத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

1எஸ்² 2எஸ்² 2பி⁶ 3எஸ்² 3பி⁵. இது எந்தத் தனிமம்?

பதினோராம் வகுப்பு வேதியியலைத் திறந்த கொஞ்ச நாளிலேயே வந்து நிற்கும் கேள்வி இது. நீட், ஜேஇஇ வினாத்தாள்களிலும் இதுவே வேஷம் மாற்றி வரும். விடைக்குப் போக இரண்டு வழி உண்டு. எலக்ட்ரான்களை எண்ணி அணு எண்ணைப் பிடிப்பது ஒன்று. அமைப்பின் வெளிப்பகுதியை மட்டும் படித்து, தனிம வரிசை அட்டவணையில் அது உட்காரும் இடத்தைப் பிடிப்பது இன்னொன்று.

பலரும் இதில் ஏதாவது ஒன்றைச் செய்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். இரண்டையும் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. எண்ணிக்கை பெயரைச் சொல்லும், வெளிப்பகுதி முகவரியைச் சொல்லும். அந்தப் பெயருக்குரியவர் அந்த முகவரியில் இருந்தால் விடை சரி. இல்லாவிட்டால் கூட்டலில் எங்கோ பிழை, அல்லது கேள்வியில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது. எந்த மாதிரி சூட்சுமங்கள் வரும் என்பதையும் கீழே சொல்கிறேன்.

ஒரு சின்னக் குறிப்பு: எழுத்துகளை இங்கே எஸ், பி, டி, எஃப் என்றே எழுதுகிறேன். உங்கள் புத்தகத்தில் அவை ஆங்கிலச் சிறிய எழுத்துகளாக இருக்கும்.

முதலில், குறியீட்டைப் படிக்கத் தெரிய வேண்டும்

3பி⁵ என்பதில் மூன்று செய்திகள் உள்ளன. முன்னால் இருக்கும் 3, எந்தக் கூடு (அணுக்கருவைச் சுற்றி எலக்ட்ரான்கள் இருக்கும் அடுக்கு) என்பது. பி, அந்தக் கூட்டில் எந்தத் துணைக்கூடு என்பது. தலைக்கு மேல் இருக்கும் 5, அதில் எத்தனை எலக்ட்ரான்கள் என்பது. கூட்ட வேண்டியது மேலே இருக்கும் எண்ணை மட்டும்தான். அவசரத்தில் முன்னால் இருக்கும் எண்ணையும் சேர்த்துக் கூட்டிவிட்டு, இல்லாத விடையைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் வகுப்புக்கு இரண்டு பேராவது இருப்பார்கள்.

எஸ் துணைக்கூட்டில் அதிகபட்சம் 2 எலக்ட்ரான், பி-யில் 6, டி-யில் 10, எஃப்-பில் 14. துணைக்கூட்டுக்குள் எலக்ட்ரான்கள் தங்கும் அறை மாதிரியானது ஆர்பிட்டால், ஒவ்வொன்றிலும் இரண்டு எலக்ட்ரான்தான் இருக்க முடியும். எஸ்-க்கு ஒரே ஆர்பிட்டால், பி-க்கு மூன்று, டி-க்கு ஐந்து, எஃப்-க்கு ஏழு. அதனால்தான் இந்த எண்கள்.

அதே போல எல்லாக் கூட்டிலும் எல்லாத் துணைக்கூடும் கிடையாது. முதல் கூட்டில் எஸ் மட்டும். இரண்டாவதில் எஸ், பி. மூன்றாவதில் டி சேரும். நான்காவதில் எஃப் சேரும். ஆகவே 1பி, 2டி, 3எஃப் என்று எங்காவது பார்த்தால் அது தவறான அமைப்பு. 2எஸ்³ என்பதும் அப்படியே. “கீழ்க்கண்டவற்றுள் சாத்தியமில்லாதது எது” என்று கேட்டால் இவைதான் விடை, தனிமத்தைத் தேடவே வேண்டாம்.

நிரம்பும் வரிசையை மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும்: 1எஸ், 2எஸ், 2பி, 3எஸ், 3பி, 4எஸ், 3டி, 4பி, 5எஸ், 4டி, 5பி, 6எஸ், 4எஃப், 5டி, 6பி, 7எஸ், 5எஃப், 6டி, 7பி. இதைக் காட்ட அம்புக்குறிப் படம் ஒன்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். எனக்கென்னவோ அந்தப் படத்தைவிட அட்டவணையையே இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாகப் படித்துப் பழகுவது எளிது என்று தோன்றுகிறது. நான்காம் தொடரில் முதலில் இரண்டு கட்டம் 4எஸ், அடுத்த பத்துக் கட்டம் 3டி, கடைசி ஆறு கட்டம் 4பி. அட்டவணையே நிரம்பும் வரிசைதான்.

எண்ணிப் பெயரைப் பிடிப்பது

நடுநிலை அணுவில் எலக்ட்ரான்களின் எண்ணிக்கையும் புரோட்டான்களின் எண்ணிக்கையும் சமம். புரோட்டான் எண்ணிக்கைதான் அணு எண். ஆகவே மேலே இருக்கும் எண்களைக் கூட்டினால் அணு எண் கிடைத்துவிடும். தொடக்கத்தில் கேட்ட கேள்வியில் 2 + 2 + 6 + 2 + 5 = 17. பதினேழாவது தனிமம் குளோரின்.

இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரிகிறது. ஆனால் 1913 வரை தனிமத்தின் வரிசை எண் என்பது அட்டவணையில் எத்தனையாவது இடம் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. நிறைப்படி அடுக்கினால் ஆர்கான் பொட்டாசியத்துக்குப் பின்னால் போய்விடும், டெல்லூரியம் அயோடினுக்குப் பின்னால் போய்விடும். வேதிப் பண்புகளைப் பார்த்தால் அது சரியில்லை. ஹென்றி மோஸ்லி என்ற இளைஞர் தனிமங்கள் வெளியிடும் எக்ஸ் கதிர்களை அளந்து, ஒவ்வொரு தனிமத்துக்கும் அணுக்கருவின் மின்சுமையே உண்மையான அடையாள எண் என்று காட்டினார். இரண்டு வருடம் கழித்து, 1915இல், கலிபோலிப் போர்க்களத்தில் அவர் இறந்தபோது வயது 27. நாம் கூட்டிப் பார்க்கும் அந்த ஒற்றை எண்ணுக்குப் பின்னால் இருப்பது அவருடைய வேலை.

கனமான தனிமங்களுக்கு 1எஸ்²-இல் தொடங்கி முழு அமைப்பையும் யாரும் எழுத மாட்டார்கள். உள்பகுதியை ஒரு மந்த வாயுவின் பெயரில் அடைத்துவிடுவார்கள். குளோரின் [நியான்] 3எஸ்² 3பி⁵ ஆகிவிடும். எனவே மந்த வாயுக்களின் அணு எண்கள் நாக்கு நுனியில் இருக்க வேண்டும்: ஹீலியம் 2, நியான் 10, ஆர்கான் 18, கிரிப்டான் 36, செனான் 54, ரேடான் 86. மறந்துபோனால், இடைவெளிகளை நினைவில் வைத்து மீட்டுக்கொள்ளலாம். 2இலிருந்து 8, 8, 18, 18, 32 என்று கூட்டிக்கொண்டே போனால் போதும். 8 என்பது எஸ், பி இரண்டும் நிரம்புவது. 18இல் டி-யின் பத்தும் சேர்கிறது. 32இல் எஃப்-பின் பதினான்கும் சேர்கிறது.

உதாரணத்துக்கு, [கிரிப்டான்] 4டி¹⁰ 5எஸ்² 5பி². 36 + 10 + 2 + 2 = 50. ஐம்பதாவது தனிமம் வெள்ளீயம். சில புத்தகங்கள் 5எஸ்-ஐ முன்னால் போடும், சில 4டி-யை முன்னால் போடும். கூட்டல் மாறப்போவதில்லை, கவலைப்பட வேண்டாம்.

வெளிப்பகுதியைப் படித்து முகவரியைப் பிடிப்பது

முகவரிக்கு இரண்டு பாகம்: எந்தத் தொடர், எந்தத் தொகுதி. தொடர் என்பது அட்டவணையின் கிடைமட்ட வரி, தொகுதி என்பது செங்குத்து வரி.

தொடரைக் கண்டுபிடிக்க, அமைப்பில் இருக்கும் மிகப் பெரிய கூட்டு எண்ணைப் பார்க்கச் சொல்வார்கள். வெள்ளீயத்தில் அது 5. ஆகவே ஐந்தாம் தொடர். இது ஏறக்குறைய எப்போதும் சரிவரும். ஒரே ஒரு முறை காலை வாரிவிடும், அதைப் பிறகு பார்ப்போம். இதைவிட உறுதியான வழி அடைப்புக்குறிக்குள் இருக்கும் மந்த வாயுவைப் பார்ப்பது. நியான் இருந்தால் மூன்றாம் தொடர், ஆர்கான் என்றால் நான்காம் தொடர், கிரிப்டான் என்றால் ஐந்தாம் தொடர், செனான் என்றால் ஆறாம் தொடர், ரேடான் என்றால் ஏழாம் தொடர். மந்த வாயு ஒவ்வொரு தொடரின் கடைசிக் கட்டம். அதைத் தாண்டியதும் அடுத்த தொடர் தொடங்கிவிடுகிறது.

தொகுதிக்கு, கடைசியாக எந்தத் துணைக்கூடு நிரம்பிக்கொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வெளியே எஸ் மட்டும் இருந்தால் அதன் எண்ணிக்கையே தொகுதி எண். [ஆர்கான்] 4எஸ்² என்றால் இரண்டாம் தொகுதி, கால்சியம். ஹீலியம் மட்டும் விலக்கு. 1எஸ்² ஆனாலும் அது 18ஆம் தொகுதியில் உட்கார்ந்திருக்கிறது.

பி வந்துவிட்டால், கடைசிக் கூட்டின் எஸ், பி இரண்டையும் கூட்டி அதோடு 10 சேர்க்க வேண்டும். 5எஸ்² 5பி² என்றால் 4 + 10 = 14. வெள்ளீயம் 14ஆம் தொகுதி, கார்பனும் சிலிக்கானும் இருக்கும் அதே தொகுதி.

டி முழுதாக நிரம்பாமல் இருந்தாலோ, நிரம்பியும் பி தொடங்காமல் இருந்தாலோ, டி-யையும் எஸ்-ஐயும் கூட்டினால் தொகுதி எண். [ஆர்கான்] 3டி⁵ 4எஸ்² என்றால் ஏழாம் தொகுதி. எண்ணிக்கைப்படி 18 + 7 = 25, மாங்கனீசு. துத்தநாகம் 3டி¹⁰ 4எஸ்², பன்னிரண்டாம் தொகுதி.

எஃப்-பில் 1 முதல் 13 வரை எலக்ட்ரான் இருந்தால் அது லாந்தனைடு அல்லது ஆக்டினைடு. இவற்றுக்குத் தொகுதி எண் தேடி அலைய வேண்டாம். கீழே தனியாகப் போட்டிருக்கும் இரண்டு வரிகளில் ஒன்று, எண்ணிக்கையைப் பார்த்துப் பெயரைச் சொல்லிவிடுங்கள். [செனான்] 4எஃப்⁷ 5டி¹ 6எஸ்² என்றால் 64, கடோலினியம். இந்தப் பகுதியின் விளிம்புகள் கொஞ்சம் குழப்பமானவை. லாந்தனத்தில் எஃப் எலக்ட்ரானே கிடையாது, [செனான்] 5டி¹ 6எஸ்² தான். இட்டெர்பியம் [செனான்] 4எஃப்¹⁴ 6எஸ்². இதன் 6எஸ்²-ஐப் பார்த்து இரண்டாம் தொகுதி என்று சொல்லத் தோன்றும். ஆனால் எண்ணிக்கை 70. அங்கே இருக்க வேண்டிய பேரியம் 56. ஸ்காண்டியம், இட்ரியத்துக்குக் கீழே வர வேண்டியது லாந்தனமா, லூட்டீசியமா என்ற வாதம் வேதியியலாளர்களிடையே பல காலமாக நடக்கிறது. தேர்வுக்கு அது வேண்டாம்.

இரண்டும் ஒத்துப்போகிறதா?

இந்தச் சரிபார்ப்பு எங்கே காப்பாற்றும் என்று பார்ப்போம். “வெளிக்கூட்டு அமைப்பு 6எஸ்² 6பி² உடைய தனிமத்தின் அணு எண் என்ன” என்று ஒரு கேள்வி. வெளிக்கூடு மட்டும்தான் தந்திருக்கிறார்கள், உள்ளே இருப்பதை நாம் நிரப்ப வேண்டும். செனான் 54, அப்புறம் 6எஸ்², 5டி¹⁰, 6பி². மொத்தம் 68. எர்பியம் என்று எழுதிவிடலாம் போலிருக்கிறது.

இப்போது முகவரியைப் பாருங்கள். 6எஸ்² 6பி² என்றால் ஆறாம் தொடர், 14ஆம் தொகுதி. அந்தக் கட்டத்தில் இருப்பது ஈயம், அணு எண் 82. எர்பியமோ லாந்தனைடு. இடைவெளி 82 − 68 = 14. விட்டுப்போனது என்ன என்று அந்தப் பதினான்கே சொல்லிவிடுகிறது. 6எஸ்-க்கும் 5டி-க்கும் நடுவில் 4எஃப் நிரம்புகிறது. அதைச் சேர்க்க மறந்துவிட்டோம்.

4எஸ்² 4பி³-இலும் இதே கதை. 3டி¹⁰-ஐ விட்டுவிட்டால் 18 + 2 + 3 = 23 என்று வனேடியம் வரும். முகவரி நான்காம் தொடர், 15ஆம் தொகுதி, அதாவது ஆர்சனிக், 33. வித்தியாசம் 10 வந்தால் டி, 14 வந்தால் எஃப், 24 வந்தால் இரண்டுமே விட்டுப்போயிருக்கும்.

பத்தாம் வகுப்பு வரை படிக்கும் 2, 8, 18, 5 வகை அமைப்புக்கும் கூட்டல் அப்படியே பொருந்தும்: 33, ஆர்சனிக். ஆனால் அங்கே கடைசி எண்ணை வைத்துத் தொகுதி சொல்வது ஆபத்து. 2, 8, 14, 2 என்பது இரும்பு, 2, 8, 18, 2 என்பது துத்தநாகம். இரண்டும் 2-இல் முடிகின்றன, இரண்டுமே இரண்டாம் தொகுதி இல்லை. கடைசிக்கு முந்தைய கூட்டில் 9 முதல் 17 வரை எதைப் பார்த்தாலும், துத்தநாகம் மாதிரி 18-ஐ அடுத்து 1 அல்லது 2 வந்தாலும், டி-யில் இருக்கிறோம் என்று உஷாராகிவிடுங்கள்.

முகவரியை வைத்தே ஒரு தனிமத்தைப் பிடித்த கதை

இதெல்லாம் தேர்வுக்கான வித்தை என்று நினைப்பவர்கள் ஹாஃப்னியத்தின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1920களின் தொடக்கத்தில் அட்டவணையில் 72ஆம் கட்டம் காலி. மோஸ்லியின் எண் கணக்கால் அங்கே ஒரு தனிமம் இருந்தே ஆக வேண்டும் என்பது தெரியும். எங்கே தேடுவது என்பதுதான் பிரச்சினை. பிரெஞ்சு வேதியியலாளர் ஜார்ஜ் உர்பேன் அரிய மண் தனிமங்களுக்குள் (லாந்தனைடுகளும் அவற்றின் நெருங்கிய உறவுகளும்) அதைத் தேடினார், 1911இலேயே கண்டுவிட்டதாகச் சொல்லி செல்டியம் என்று பெயரும் வைத்துவிட்டார்.

கோபன்ஹேகனில் இருந்த இயற்பியலாளர் நீல்ஸ் போர் எலக்ட்ரான் அமைப்பைக் கொண்டு யோசித்தார். எஃப் துணைக்கூடு 71ஆம் தனிமத்துக்குள் நிரம்பி முடிந்துவிடுகிறது. ஆகவே 72 அரிய மண் தனிமமாக இருக்க முடியாது. அது நான்காம் தொகுதியில், சிர்கோனியத்துக்கு நேர் கீழே வர வேண்டும். இன்றைய குறியீட்டில் எழுதினால், சிர்கோனியம் [கிரிப்டான்] 4டி² 5எஸ்², அதற்குக் கீழே [செனான்] 4எஃப்¹⁴ 5டி² 6எஸ்². நாம் மேலே போட்ட கணக்கேதான்: டி 2, எஸ் 2, நான்காம் தொகுதி. 54 + 14 + 2 + 2 = 72.

முகவரி தெரிந்துவிட்டால் தேடும் இடமும் மாறிவிடுகிறது அல்லவா? போரின் நிறுவனத்திலேயே வேலை பார்த்த டிர்க் கோஸ்டரும் ஜார்ஜ் டி ஹெவெசியும் அரிய மண் தாதுக்களை விட்டுவிட்டு சிர்கோனியத் தாதுவை எடுத்து எக்ஸ் கதிர் நிறமாலை பார்த்தார்கள். 72ஆம் தனிமத்தின் கோடுகள் அங்கே இருந்தன. 1922 டிசம்பரில் நோபல் உரை நிகழ்த்தும்போதே போர் இந்தச் செய்தியைச் சொல்லிவிட்டார். கண்டுபிடிப்பு 1923 ஜனவரியில் அச்சில் வந்தது. கோபன்ஹேகனின் லத்தீன் பெயர் ஹாஃப்னியா, அதிலிருந்து ஹாஃப்னியம்.

இரண்டு தனிமங்களின் வெளி அமைப்பும் ஒன்று, அணு அளவும் கிட்டத்தட்ட ஒன்று. அதனால் இரண்டையும் பிரிப்பது இன்றும் பெரும்பாடு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் சிர்கான் தாதுவிலும் ஹாஃப்னியம் சிர்கோனியத்தோடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அணு உலை எரிபொருள் குழாய்க்கு சிர்கோனியம் வேண்டும் என்றால் ஹாஃப்னியத்தை நீக்கியே ஆக வேண்டும். சிர்கோனியம் நியூட்ரான்களை அதிகம் தொடாது, ஹாஃப்னியமோ அவற்றை விழுங்கிவிடும். தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் அணு உலைக்கான சிர்கோனியம் தயாரிக்க ஓர் ஆலையே இருக்கிறது. எலக்ட்ரான்கள் ஒரே மாதிரி, அணுக்கருக்கள் வேறு மாதிரி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

விதியை மீறும் தனிமங்கள்

குரோமியத்துக்கு 3டி⁴ 4எஸ்² என்று எதிர்பார்ப்போம். இருப்பதோ [ஆர்கான்] 3டி⁵ 4எஸ்¹. தாமிரத்துக்கு 3டி⁹ 4எஸ்² என்று எதிர்பார்ப்போம், இருப்பது 3டி¹⁰ 4எஸ்¹. பாதி நிரம்பிய, முழுதும் நிரம்பிய டி துணைக்கூடு கூடுதல் நிலைத்தன்மை கொண்டது என்று பள்ளிப் புத்தகங்கள் காரணம் சொல்லும். இந்த இரண்டுக்கும் அது போதும். ஆனால் அதை எல்லா இடத்திலும் நீட்டாதீர்கள். நியோபியம் 4டி⁴ 5எஸ்¹, ருத்தேனியம் 4டி⁷ 5எஸ்¹. அங்கே பாதியும் இல்லை, முழுதும் இல்லை. குரோமியத்தின் தொகுதியிலேயே இருக்கும் டங்ஸ்டன் ஒழுங்காக 5டி⁴ 6எஸ்² வைத்திருக்கிறது. உண்மையில் இரண்டு துணைக்கூடுகளின் ஆற்றலும் மிக நெருக்கமாக இருப்பதால், எலக்ட்ரான்களுக்கு இடையிலான விலக்கத்தில் வரும் சிறு வித்தியாசமும் தராசைச் சாய்த்துவிடுகிறது.

புதியவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. அமைப்பைக் கொடுத்துத் தனிமத்தைக் கேட்கும்போது இந்த விலக்குகள் தொல்லையே தராது. எலக்ட்ரான் எஸ்-இலிருந்து டி-க்குத் தாவினாலும் மொத்தம் மாறாது. குரோமியம் 18 + 5 + 1 = 24, தொகுதி 5 + 1 = 6. தங்கம் [செனான்] 4எஃப்¹⁴ 5டி¹⁰ 6எஸ்¹, எண்ணிக்கை 79, தொகுதி 11. எல்லாம் ஒத்துப்போகிறது. தனிமத்தைக் கொடுத்து அமைப்பைக் கேட்டால்தான் விலக்குகளை ஞாபகம் வைத்திருக்க வேண்டும்.

தொடர் விஷயத்தில் காலை வாரிவிடும் என்று சொன்ன அந்த ஒன்று பல்லேடியம்: [கிரிப்டான்] 4டி¹⁰. 5எஸ் காலி. மிகப் பெரிய கூட்டு எண் 4 என்பதால் நான்காம் தொடர் என்று முடிவு செய்தால் தவறு. கிரிப்டானைத் தாண்டியாகிவிட்டது, அது ஐந்தாம் தொடர்தான்.

அயனி என்றால் கணக்கே வேறு

இங்கேதான் அதிகம் பேர் விழுகிறார்கள். நேர்மின் அயனி எலக்ட்ரானை இழந்திருக்கும், எனவே மின்சுமையைக் கூட்ட வேண்டும். எதிர்மின் அயனி எலக்ட்ரானைப் பெற்றிருக்கும், எனவே கழிக்க வேண்டும்.

எம் என்பது பெயர் தெரியாத ஓர் உலோகம், அதன் எம்³⁺ அயனியின் அமைப்பு [ஆர்கான்] 3டி⁵. எலக்ட்ரான்கள் 23. இழந்தவை 3. அணு எண் 26, இரும்பு. 23ஐ அப்படியே வைத்து வனேடியம் என்று எழுதினால் போச்சு. இன்னொன்று: எக்ஸ்²⁻ அயனி [நியான்] 3எஸ்² 3பி⁶. எலக்ட்ரான்கள் 18, அதில் 2 இரவல். 16, கந்தகம்.

இரும்பு 3டி⁶ 4எஸ்². மூன்று எலக்ட்ரான் போகும்போது முதலில் 4எஸ்-இன் இரண்டும் போகும், பிறகு 3டி-யிலிருந்து ஒன்று. நிரம்பும்போது 4எஸ் முந்திக்கொண்டதே, காலியாகும்போதும் ஏன் அதுவே முந்துகிறது என்று கேட்கத் தோன்றும். டி நிரம்பத் தொடங்கியதும் 3டி-யின் ஆற்றல் 4எஸ்-ஐவிடக் கீழே இறங்கிவிடுகிறது. 4எஸ் அணுக்கருவிலிருந்து வெளியே இருக்கிறது, அதனால் கழற்றுவது எளிது. இதிலிருந்து ஒரு பயனுள்ள அடையாளம் கிடைக்கிறது: ஆர்கானுக்குப் பிறகு 4எஸ் இல்லாமல் டி மட்டும் நின்றால் அது பெரும்பாலும் இடைநிலை உலோகத்தின், அதாவது டி நிரம்பும் பகுதியில் இருக்கும் உலோகத்தின், அயனி.

மின்சுமையைச் சொல்லாமல் அயனியைக் கேட்டால் விடையே சொல்ல முடியாது. 3டி⁵ மாங்கனீசின் 2+ அயனியும்தான், இரும்பின் 3+ அயனியும்தான். பத்து எலக்ட்ரானோடு நியானும், சோடியம், மெக்னீசியம், அலுமினியத்தின் நேர் அயனிகளும், ஃபுளூரின், ஆக்சிஜன், நைட்ரஜனின் எதிர் அயனிகளும் வரிசைகட்டி நிற்கும். காந்தத் திருப்புத்திறனை (இணையாத எலக்ட்ரான்கள் எத்தனை என்று காட்டும் அளவு) தந்து கேட்பதும் இதே கேள்விதான். 5.92 போர் மேக்னட்டான் என்றால் இணையாத எலக்ட்ரான் ஐந்து, அதாவது டி⁵. கொடுத்திருக்கும் மின்சுமையைப் பார்த்துத் தனிமத்தைச் சொல்லிவிடலாம்.

கிளர்வுற்ற அணு

[நியான்] 3பி¹. முகவரியைப் பார்த்தால் 3பி¹, அலுமினியம் மாதிரி இருக்கிறது. எண்ணினால் 11, சோடியம். இரண்டும் ஒத்துப்போகவில்லை. மின்சுமையும் தரவில்லை, அயனி இல்லை. அமைப்பை மறுபடி பாருங்கள்: 3எஸ் காலியாக இருக்கும்போதே 3பி-யில் எலக்ட்ரான் இருக்கிறது. கீழே இடம் இருந்தும் மேலே ஏறி உட்கார்ந்திருந்தால் அது கிளர்வுற்ற நிலை. அப்போது எண்ணிக்கையைத்தான் நம்ப வேண்டும், முகவரியை அல்ல. ஏனென்றால் கிளர்ந்தாலும் புரோட்டான் மாறவில்லை. இந்த எலக்ட்ரான் 3எஸ்-க்கு இறங்கும்போது வெளிவருவதுதான் 589 நானோமீட்டர் மஞ்சள் ஒளி. எல்இடி வருவதற்கு முன்னால் நம் தெருக்களை மஞ்சளாக்கிய சோடியம் விளக்கில் பார்த்தது இதைத்தான். அடுப்பில் உப்புத் தண்ணீர் பொங்கி வழிந்தால் தீ மஞ்சளாவதும் இதனால்தான்.

1எஸ்² 2எஸ்² 2பி⁵ 3எஸ்¹ என்பதும் இந்த ரகம். 3எஸ்¹-ஐப் பார்த்ததும் சோடியம் என்று பேனா தானாக எழுதிவிடும். மொத்தம் 10, கிளர்வுற்ற நியான்.

கை பழக ஆறு கணக்கு

விடையைப் பார்க்காமல் போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பெயரும் முகவரியும் இரண்டும் வேண்டும்.

1. [நியான்] 3எஸ்² 3பி³
2. [கிரிப்டான்] 4டி¹⁰ 5எஸ்² 5பி⁵
3. எம்²⁺ அயனி, [ஆர்கான்] 3டி⁸
4. [செனான்] 4எஃப்¹⁴ 5டி⁴ 6எஸ்²
5. 1எஸ்² 2எஸ்¹ 2பி³
6. [கிரிப்டான்] 4டி¹⁰

முதல் இரண்டும் நேரானவை. பாஸ்பரஸ் 15, மூன்றாம் தொடர், 15ஆம் தொகுதி. அயோடின் 53, ஐந்தாம் தொடர், 17ஆம் தொகுதி. மூன்றாவதில் 26 + 2 = 28, நிக்கல். அயனியாதலால் முகவரியை நடுநிலை அணுவுக்குத்தான் பார்க்க வேண்டும்: 3டி⁸ 4எஸ்², பத்தாம் தொகுதி. நான்காவது மேலே சொன்ன டங்ஸ்டன், 74, ஆறாம் தொகுதி. குரோமியம் நினைவில் 5டி⁵ 6எஸ்¹ என்று திருத்தப் போகாதீர்கள். ஐந்தாவதில் 2எஸ் நிரம்பாமலே 2பி-யில் மூன்று. மொத்தம் 6, கிளர்வுற்ற கார்பன். மீத்தேனில் கார்பன் எப்படி நான்கு பிணைப்பு போடுகிறது என்று விளக்கும்போது புத்தகத்தில் வரும் அமைப்பு இதேதான்.

ஆறாவதை பல்லேடியம் என்று எழுதியிருந்தால் சரி, மின்சுமை ஏதும் தராததால் நடுநிலை அணு என்றே கொள்ள வேண்டும். அதே அமைப்புக்குப் பக்கத்தில் 1+ என்று போட்டிருந்தால் வெள்ளி, 2+ என்று போட்டிருந்தால் காட்மியம்.